1938-இல் கட்டிய வீடு, பின்னர் சேர்த்த இரண்டு அறைகள்: எஃப்.ஹெச்.ஏ. மதிப்பீட்டில் 464 சதுர அடி ஏன் சேரவில்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி மாநிலத்தின் மத்தியப் பகுதியில் 1938-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு வீட்டை 4,65,000 டாலருக்கு வாங்க நானும் என் மனைவியும் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். கையில் பெரிய தொகை இல்லாததால், 3.5 சதவீத முன்பணத்தில் கிடைக்கும், அமெரிக்க அரசின் எஃப்.ஹெச்.ஏ. அமைப்பு காப்பீடு செய்யும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தோம். விற்பனை விளம்பரத்தில் வீட்டின் பரப்பு 1,940 சதுர அடி என்று இருந்தது. கடன் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளரின் அறிக்கை நேற்று வந்தது. அதில் பரப்பு 1,476 சதுர அடி என்றும், மதிப்பு 4,41,000 டாலர் என்றும் இருக்கிறது.

விடுபட்ட 464 சதுர அடியும் பிற்காலத்தில் சேர்த்த இரண்டு அறைகளுக்கு உரியவை. முதலாவது, சமையலறைக்குப் பின்னால் 1967-இல் நகராட்சி அனுமதியுடன் கட்டிய 14-க்கு 16 அடி அறை. சமையலறையிலிருந்தே அதற்குள் போகலாம். ஆனால் வீட்டின் பாய்லரிலிருந்து செல்லும் ரேடியேட்டர் குழாய் அந்த அறைவரை போகவில்லை, விற்பவர் பிளக்கில் செருகும் ஹீட்டர் ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டாவது, 12-க்கு 20 அடி கராஜை அறையாக மாற்றியது. அங்கே சுவரில் பொருத்திய மினி ஸ்ப்ளிட் இயந்திரம் குளிருக்கும் வெப்பத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாசல் கார் நிற்கும் பாதைப் பக்கம் மட்டுமே இருக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து வழியில்லை. இதற்கு அனுமதி எடுத்ததாக நகராட்சிப் பதிவில் எதுவும் இல்லை.

இவை தவிர, பின்னறையின் ஜன்னல் சட்டங்களில் பெயின்ட் உரிந்திருப்பதைச் சரிசெய்தால்தான் கடன் என்றும் அறிக்கை சொல்கிறது. கண்ணெதிரே நிற்கும் இரண்டு அறைகளை ஒரு மதிப்பீட்டாளர் எப்படி இல்லாதவையாகக் கருத முடியும்? இதை எதிர்த்துக் கேட்பதில் பயன் உண்டா, அல்லது வேறு வழி தேடுவது நல்லதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்

வணக்கம். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பல ஆண்டுகளாக வீட்டு மதிப்பீட்டுப் பணி செய்கிறேன், எஃப்.ஹெச்.ஏ.வின் மதிப்பீட்டாளர் பட்டியலிலும் இருக்கிறேன். தங்கள் அறிக்கையைப் பார்க்காமல் அதன் மதிப்பு சரியா தவறா என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரப்பை அவர் கணக்கிட்ட முறை, தாங்கள் தந்த விவரங்களின்படி, சரியானதாகவே தெரிகிறது. அறைகளை அவர் இல்லாதவையாகக் கருதியிருக்க வேண்டியதில்லை. வேறொரு வரிக்கு மாற்றியிருப்பார். அறிக்கையில் ஒப்பீட்டு விற்பனைகளின், அதாவது அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின், அட்டவணையை எடுத்து, வாழ்பரப்பு (குடியிருக்கும் அறைகளின் மொத்தப் பரப்பு) என்னும் வரிக்குக் கீழே பாருங்கள். அந்த இரண்டு அறைகளுக்கும் தனியாக ஏதேனும் தொகை போட்டிருக்கிறாரா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

எஃப்.ஹெச்.ஏ. கடன்களுக்கான விதிகள் அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட்டின் 4000.1 என்னும் கையேட்டில் இருக்கின்றன. பிற்காலத்தில் சேர்த்த அறையையோ அறையாக மாற்றிய கராஜையோ வீட்டின் வாழ்பரப்பில் சேர்க்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அது சொல்கிறது. வீட்டின் உட்புறத்திலிருந்து இயல்பாகப் போய்வரக்கூடிய வழி இருக்க வேண்டும். நிலையாகப் பொருத்தப்பட்ட, போதுமான வெப்ப வசதி இருக்க வேண்டும். வடிவமைப்பிலும் கட்டுமானத் தரத்திலும் மூல வீட்டோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த அறை வாழ்பரப்பில் சேராது. அட்டவணையில் தனி வரியாகக் காட்டி, சந்தையில் அதற்கு என்ன மதிப்பு கிடைக்கிறது என்பதை மதிப்பீட்டாளர் விளக்க வேண்டும்.

தங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு நிபந்தனையில் தவறுகிறது. பின்னறைக்கு வழி இருக்கிறது, நிலையான வெப்பம் இல்லை. பிளக்கில் செருகும் ஹீட்டரை விற்பவர் போகும்போது கையோடு எடுத்துச் சென்றுவிடலாம். அது வீட்டின் பகுதி ஆகாது. எஃப்.ஹெச்.ஏ. எதிர்பார்ப்பது, யாரும் அருகில் இல்லாவிட்டாலும் தானாக இயங்கி, வாழ்பரப்பு முழுவதையும் குறைந்தது 50 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் வைத்திருக்கும் நிலையான அமைப்பு. கராஜ் அறையில் அந்த நிலையான வெப்பம் இருக்கிறது, மினி ஸ்ப்ளிட் அதற்குப் போதும். ஆனால் ஜனவரி மாத இரவில் ஒருவர் மேலங்கி அணிந்துகொண்டு வெளியே போய் வேறு கதவைத் திறந்துதான் தன் அறைக்குள் நுழைய முடியும் என்றால், அதை வீட்டின் மற்ற அறைகளோடு சமமாக எண்ண முடியாது.

இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது பலருக்குப் புரிவதில்லை என்பது எனக்கு வருத்தம். மதிப்பீடு என்பது சதுர அடியை ஒரு விலையால் பெருக்கும் கணக்கு அன்று. தங்கள் வீட்டை 1,940 சதுர அடி என்று எடுத்துக்கொண்டால், முதலிலிருந்தே 1,940 சதுர அடியாகக் கட்டப்பட்ட, கராஜும் உள்ள வீடுகளோடு ஒப்பிட நேரும். வாங்குபவர்கள் அந்த இரண்டையும் ஒரே விலைக்கு எடுப்பதில்லை. கராஜை மாற்றியதால் ஓர் அறை கூடியது, கார் நிறுத்தும் இடம் போனது. சில தெருக்களில் அந்த இழப்பே பெரிதாக எண்ணப்படுகிறது. எனவே இப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல ஒப்பீடு, அதே சுற்றுப்புறத்தில் அதே வகையில் கராஜை மாற்றிய அல்லது பின்புறம் நீட்டிய வேறொரு பழைய வீட்டின் அண்மை விற்பனைதான். அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கு நான் சில சமயம் வீட்டை அளப்பதைவிட மூன்று மடங்கு நேரம் செலவழித்திருக்கிறேன்.

விளம்பரத்தில் வரும் பரப்பைப் பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் வரிப் பதிவிலிருந்தோ விற்பவரின் நினைவிலிருந்தோ வருகிறது. மதிப்பீட்டாளர் வெளிச்சுவர்களைத் தாமே அளந்து வரைபடம் போட்டாக வேண்டும்.

அனுமதி பற்றியும் எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளில் அனுமதி என்ற சொல் இல்லை. அதனால், அனுமதி இல்லாத அறைக்கு மதிப்பே கிடையாது என்று சிலர் சொல்வது சரியன்று. ஆனால் வீட்டின் பயன்பாடு உள்ளூர் நில வகைப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டதா என்பதை மதிப்பீட்டாளர் பார்த்து எழுத வேண்டும். அனுமதிப் பதிவு இல்லாத வேலை கண்ணில் பட்டால், அது நேர்த்தியாகச் செய்யப்பட்டதா, பாதுகாப்பானதா என்பதையும் எழுத வேண்டும். அதற்கு மேல் கடன் நிறுவனம் தன் சொந்த விதிகளின்படி ஆவணம் கேட்கலாம். நியூ ஜெர்சியில் பல நகராட்சிகள் விற்பனையின்போதே குடியிருப்புச் சான்றிதழ் கேட்கின்றன; அந்த ஆய்வாளர் கராஜ் அறையைக் கண்டு கேள்வி எழுப்புவது, என் அனுபவத்தில், மதிப்பீட்டு அறிக்கையைவிடப் பெரிய தலைவலியாக முடிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் இந்தச் சான்றிதழைப் பெறுவது யாருடைய பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்பதைத் தங்கள் வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள்.

பதில்: கடன் நிறுவனத்தில் கோப்புகளைப் பரிசீலிப்பவர்

மேலே எழுதியவர் பரப்பைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பணத்தையும் காலத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எஃப்.ஹெச்.ஏ. 1934-இல் தொடங்கியதிலிருந்தே கடன் கொடுக்கும் அமைப்பு அன்று. கடன் கொடுத்தவருக்குக் காப்பீடு தரும் அமைப்பு. அதனால் அது வீட்டைப் பார்ப்பது, கடன் வாங்கியவரால் கட்ட முடியாமல் போனால் இந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும், அதில் மனிதர் பாதுகாப்பாகக் குடியிருக்க முடியுமா என்ற பார்வையில்தான். மதிப்பீட்டாளர் கடன் நிறுவனத்துக்காக வேலை செய்கிறார். வீட்டு ஆய்வாளர் ஒருவரைத் தாங்களே தனியாக அமர்த்தாமல் இருந்தால், தயவுசெய்து இப்போதாவது அமர்த்துங்கள். மதிப்பீட்டு அறிக்கையை ஆய்வு அறிக்கையாக நம்பி, பின்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயின்ட் விஷயம் சிறியது, ஆனால் தவிர்க்க முடியாதது. 1978-க்கு முன் கட்டிய வீட்டில் உள்ளேயோ வெளியேயோ பெயின்ட் உரிந்தோ செதிலாகவோ இருந்தால், அதில் ஈயம் இருக்கலாம் என்ற அடிப்படையில் சரிசெய்தே ஆக வேண்டும். கூரைக்கு இன்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆயுள் இருக்க வேண்டும் என்பதும் அதே போன்றது. பின்னறையின் கூரை மூல வீட்டின் சுவரோடு சேரும் இடத்தை ஒருமுறை பாருங்கள், பழைய நீட்டிப்புகளில் தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். இத்தகைய பழுதுகளை யார் செலவில் சரிசெய்வது என்று எஃப்.ஹெச்.ஏ. சொல்வதில்லை. அது தாங்களும் விற்பவரும் பேசித் தீர்க்க வேண்டியது.

இனி கணக்கு. கடன் தொகை விலை, மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கணக்கிடப்படும். 4,41,000 டாலரில் 96.5 சதவீதம் 4,25,565 டாலர். ஒப்பந்த விலையான 4,65,000 டாலரை அப்படியே கொடுப்பதானால், தாங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை 16,275 டாலர் அன்று, 39,435 டாலர். விற்பனையை முடித்துப் பத்திரம் மாற்றும் க்ளோசிங் செலவு இதற்கு மேல். அதே சமயம், எஃப்.ஹெச்.ஏ. ஒப்பந்தங்களில் ஒரு பாதுகாப்பு விதி சேர்க்கப்பட்டிருக்கும்: மதிப்பு ஒப்பந்த விலையைவிடக் குறைவாக வந்தால், வாங்குபவர் ஒப்பந்தத்தின்போது கட்டிய முன்தொகையை இழக்காமல் விலகிக்கொள்ளலாம். விலகச் சொல்லவில்லை, விற்பவரோடு பேசும்போது அந்த உரிமை தங்களிடம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சிலர் வேறு கடன் நிறுவனத்துக்குப் போய் வேறு மதிப்பீடு வாங்கலாம் என்று நினைப்பார்கள். எஃப்.ஹெச்.ஏ. மதிப்பீடு அந்த வீட்டுக்கான கோப்பு எண்ணோடு சேர்ந்தது. 180 நாள்கள் செல்லுபடியாகும். வேறொரு எஃப்.ஹெச்.ஏ. கடன் நிறுவனத்துக்கு மாறினாலும் பொதுவாக அதே மதிப்பீடுதான் கூடவே வரும். அமெரிக்க வேளாண் துறையின் (யூ.எஸ்.டி.ஏ.) கிராமப்புறக் கடனுக்கும், ஏற்கெனவே கட்டிய வீடுகளின் தரத்துக்கு, இதே 4000.1 கையேடுதான் அளவுகோல்.

அறிக்கையில் உண்மைத் தவறு இருந்தாலோ, மதிப்பீட்டாளர் விட்டுவிட்ட பொருத்தமான விற்பனைகள் இருந்தாலோ, கடன் நிறுவனத்தின் வழியாக மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் "464 சதுர அடியைச் சேருங்கள்" என்று கேட்டால் பதில் வராது. நீட்டித்த அல்லது கராஜை மாற்றிய வீடுகள் தங்கள் சுற்றுப்புறத்தில் என்ன விலைக்குப் போயின என்று காட்டினால் வரும்.

பதில்: வி.ஏ. கடனில் வீடு வாங்கியவர்

என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். வர்ஜீனியாவில் 1952-இல் கட்டிய ஒரு வீட்டை, முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் துறையான வி.ஏ.வின் கடனில் வாங்கினோம். முன்வாசல் திண்ணையை மூடி அறையாக்கியிருந்தார்கள், பின்பக்கம் ஒரு படுக்கையறையும் சேர்த்திருந்தார்கள். விதிகள் வேறானாலும் தங்கள் நிலையும் எங்கள் நிலையும் மிக நெருக்கமானவை என்பதால் எழுதுகிறேன்.

வி.ஏ. கடனில் மதிப்பீட்டாளரைக் கடன் நிறுவனம் தேர்ந்தெடுப்பதில்லை, வி.ஏ. அமைப்பே நியமிக்கிறது. மதிப்பு ஒப்பந்த விலையை எட்டாது என்று அவருக்குத் தோன்றினால், அறிக்கையை முடிக்கும் முன்பே தகவல் சொல்லி, கூடுதல் விற்பனை விவரங்கள் தர இரண்டு வேலை நாள்கள் அவகாசம் கொடுக்க வேண்டும். இதை டைட்வாட்டர் முறை என்கிறார்கள். அந்த இரண்டு நாளில் எங்கள் ஏஜென்ட், மூடிய திண்ணை உள்ள மூன்று வீடுகளின் விற்பனையைத் தேடித் தந்தார். அவற்றில் இரண்டை மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். தங்களுக்கு எஃப்.ஹெச்.ஏ. கடனில் அந்த முன்னறிவிப்பு இல்லாவிட்டாலும், தேட வேண்டிய விற்பனைகள் அதே வகைதான்.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் கரையான். பின்பக்கப் படுக்கையறையின் அடிக்கட்டை மரம் மண்ணைத் தொட்டபடி இருந்தது. மூல வீடு உயரமான அடித்தளத்தின் மேல் பத்திரமாக நின்றது. சேர்த்த அறையில் மட்டும் அடிமரம் உளுத்திருந்தது. கரையான் அதிகமுள்ள பகுதிகளில் வி.ஏ. அதற்கான ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அதனால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. 1967-இல் கட்டிய தங்கள் பின்னறை எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. அட்டவணையைப் பார்த்தேன். பின்னறைக்கு 12,000 டாலரும் கராஜ் அறைக்கு 7,000 டாலரும் தனி வரிகளாகச் சேர்த்திருக்கிறார். முதல் வாசிப்பில் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று ஒப்பீட்டு விற்பனைகளிலும் கராஜ் இருக்கிறது, எதிலும் நீட்டிப்பு இல்லை.

விற்பவர் இப்போது ஒரு யோசனை சொல்கிறார். தம் செலவில் பெயின்ட்டைச் சரிசெய்வதோடு, பாய்லரிலிருந்து பின்னறைக்கு ரேடியேட்டரும் போட்டுத் தருவதாகவும், வீட்டின் பக்கச் சுவரை உடைத்துக் கராஜ் அறைக்குக் கதவு வைத்துத் தருவதாகவும், அதன்பின் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்தால் மதிப்பு 4,65,000 ஆகிவிடும் என்றும், எனவே விலையைக் குறைக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். இதை ஏற்கலாமா?

பதில்: உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்

அப்படியே ஏற்க வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

தங்கள் அறிக்கை ஒரு பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டது. அந்தப் பழுது உரிந்த பெயின்ட் மட்டுமே. வேலை முடிந்ததும் மதிப்பீட்டாளர் திரும்ப வருவது, தாம் குறிப்பிட்ட வேலை முடிந்ததா என்று உறுதிசெய்வதற்காக. அந்த வருகை மதிப்பை மாற்றாது. ரேடியேட்டரும் கதவும் அவருடைய நிபந்தனையில் இல்லை. அவற்றால் வாழ்பரப்பும் மதிப்பும் மாற வேண்டுமானால், அந்த வேலைகளைக் கணக்கில் கொண்டு மதிப்பிடும்படி கடன் நிறுவனம் அவரைப் புதிதாகக் கேட்க வேண்டும். அப்போதும் மதிப்பு எவ்வளவு உயரும் என்பதைச் சந்தைதான் சொல்லும், விற்பவர் சொல்ல முடியாது.

ரேடியேட்டர் நல்ல யோசனை. பாய்லரின் திறன் கூடுதல் அறையைத் தாங்குமா என்று உரிமம் உள்ளவர் கணக்கிட்டு, அனுமதியுடன் செய்யட்டும். வழியும் தரமும் சரியாக இருந்தால், அந்த 224 சதுர அடி வாழ்பரப்பில் சேரும் தகுதி பெறும்; அதன் பலன் தாங்கள் பின்னாளில் விற்கும்போதும் இருக்கும். கதவுக்கு நான் அவசரப்பட மாட்டேன். 1938-இன் வெளிச்சுவர் பெரும்பாலும் சுமை தாங்கும் சுவர். கராஜின் தரை வீட்டின் தரையைவிடப் பொதுவாகத் தாழ்வாக இருக்கும், எனவே படியும் வரும். அனுமதியே இல்லாத ஓர் அறைக்கு, க்ளோசிங்குக்குச் சில வாரங்கள் முன்பு, விலையை உயர்த்துவதற்காகவே வேகமாகச் சுவரை உடைப்பது எனக்குக் கவலை தருகிறது. நான் ஒருமுறை மதிப்பிட்ட பழைய வீட்டில், பின்னால் சேர்த்த சமையலறையின் தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வு வேண்டும் என்று நிபந்தனை எழுதினேன். விற்பவருக்கு என்மேல் கோபம். பொறியாளர் தோண்டிப் பார்த்தபோது அந்த நீட்டிப்புக்குச் சரியான அடித்தளமே இல்லை என்று தெரிந்தது.

ஒப்பீட்டு விற்பனைகளைப் பற்றித் தாங்கள் சொன்னது முக்கியமானது. மூன்றிலும் நீட்டிப்பு இல்லை என்றால், மறுபரிசீலனை கேட்க அது நியாயமான காரணம். பின்னறை போன்ற நீட்டிப்பு உள்ள வீடுகள் கடந்த 12 மாதங்களில் அருகில் விற்றிருக்கின்றனவா என்று ஏஜென்ட்டைத் தேடச் சொல்லுங்கள். கராஜை மாற்றிய வீடுகளையும் விலக்காமல் தேடட்டும். அவை மதிப்பைக் குறைக்கவும் கூடும், ஆனால் உண்மை அதுவானால் தெரிந்துகொள்வது நல்லது.

பதில்: கடன் நிறுவனத்தில் கோப்புகளைப் பரிசீலிப்பவர்

ஒரு சேர்க்கை. வேலைகளை விற்பவரிடம் விடாமல் தாங்களே செய்ய விரும்பினால், எஃப்.ஹெச்.ஏ.வின் 203(கே) கடன் இருக்கிறது. வாங்கும் விலையோடு பழுதுபார்க்கும் செலவும் ஒரே கடனில் வரும். அதன் எளிய வடிவத்தின் வரம்பு 2024 நவம்பர் முதல் 75,000 டாலர். ரேடியேட்டர், பெயின்ட் போன்றவை அதற்குள் அடங்கும். சுமை தாங்கும் சுவரை உடைக்கும் வேலை அதில் அடங்காது; அதற்கு ஆலோசகரின் மேற்பார்வையோடு வரும் முழு வடிவம் வேண்டும். இரண்டிலும் காலம் கூடும், எனவே ஒப்பந்தத் தேதியை நீட்டிக்க விற்பவர் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நான்கு நாள்களுக்குப் பின் எழுதுகிறேன். ஏஜென்ட் இரண்டு விற்பனைகளைக் கண்டுபிடித்தார். ஒன்றில் எங்கள் பின்னறை போன்ற நீட்டிப்பு இருக்கிறது, மற்றதில் கராஜை மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் கடன் நிறுவனத்தின் வழியாக அனுப்பினோம். மதிப்பு 4,46,000 டாலர் என்று திருத்தப்பட்டது. கதவு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விற்பவர் விலையை 4,48,000-க்குக் குறைக்கவும், பெயின்ட்டையும் ரேடியேட்டரையும் அனுமதியுடன் செய்து தரவும், நகராட்சியின் குடியிருப்புச் சான்றிதழைத் தாமே வாங்கவும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். விலைக்கும் மதிப்புக்கும் இடையிலான 2,000 டாலரை எங்களால் போட முடியும்.

பின்னறையின் அடியில் நேற்று எங்கள் ஆய்வாளர் தவழ்ந்து போய்ப் பார்த்தார். செங்கல் அடித்தளம், காய்ந்த மண், மரம் எங்கும் தரையைத் தொடவில்லை.